இறங்கு வரிசையில் எட்டாவது ஆள்

லைல் ப்ரூயிட் எந்தத் திட்டத்தையும் முடிவிலிருந்துதான் தொடங்குவார். ராணுவம் பழக்கிவிட்ட பழக்கம். காலாட்படையை ஹெலிகாப்டரில் ஏற்றிக்கொண்டுபோய் எதிரியின் தலைமேல் இறக்க வேண்டுமென்றால், முதலில் குன்றைப் பிடித்தாயிற்று என்று வைத்துக்கொள்ள வேண்டும். பிடிப்பதற்கு எங்கே இறங்குவது, அங்கே இறங்க எந்த வழியாகப் பறப்பது, பறப்பதற்கு யார் எதில் ஏறுவது, ஏறுவதற்கு எங்கே கூடி நிற்பது என்று பின்பக்கமாகவே நடந்து வந்தால், கடைசியில் ஒரு சிப்பாய் கட்டிலில் உட்கார்ந்து பூட்ஸ் கயிறு கட்டிக்கொண்டிருக்கும் இடத்துக்கு வந்து சேரலாம். மேஜராக ஓய்வு பெற்ற பிறகும் அவர் இப்படித்தான். பால் வாங்கி வரச் சொன்னால், பால் ஃப்ரிட்ஜில் இருப்பதாக முதலில் மனதில் நிறுத்திக்கொண்டு யோசிக்கத் தொடங்குவார். அதற்குள் அவர் மனைவி கொரீன் கடைக்குப் போய்த் திரும்பிவிடுவாள். ஆக, திட்டம் பலித்துவிடும்.

அப்படிப்பட்டவரை அவருடைய பழைய மேலதிகாரி ஜெனரல் வெக்ஸ்லர் தொலைபேசியில் கூப்பிட்டு, "ப்ரூயிட், ஒரு தாக்குதல் திட்டம் போடணும்" என்று சொன்னால் என்ன ஆகும்? லைல் சமையலறையில் நின்ற நிலையிலேயே விறைப்பானார். கையிலிருந்த தோசைக்கரண்டியைக்கூடக் கீழே வைக்கவில்லை.

விஷயம் இதுதான். டென்னசியில் கால்டர்ஸ் ஃபெர்ரி என்ற சிற்றூரை ஒட்டி அவர்களுடைய பட்டாலியன் ஒரு காலத்தில் முகாம் போட்டிருந்தது. அந்த ஆண்டுகளில் அது எந்தப் போருக்கும் போகவில்லை. ஆனால் வராத போருக்கு அவர்களைப் போல ஒத்திகை பார்த்தவர்கள் கிடையாது. ஊருக்கு மேற்கே இருந்த ஒரு குன்றை ஹெலிகாப்டரில் போய் இறங்கி அத்தனை தடவை பிடித்தார்கள். ராணுவம் நிலத்தைத் திருப்பிக் கொடுத்த பிறகு அதே குன்றை பாப்டிஸ்ட் சபை ஒரே தடவையில், ஹெலிகாப்டர் இல்லாமலேயே பிடித்து, மேலே தேவாலயமும் கட்டிவிட்டது. இப்போது அந்தத் தேவாலயப் புல்வெளியில் பட்டாலியனின் நினைவாக ஒரு கல் நடப்போகிறார்கள். கல் திறப்பு, பிறகு விருந்து. பழைய ஹூயி ஹெலிகாப்டர் ஒன்றைப் பழுது பார்த்து வைத்திருக்கும் சங்கம் ஒன்று, வயதான வீரர்களை அதில் ஒரு நடை ஏற்றிக்கொண்டுபோய் அங்கே இறக்குவதாகச் சொல்லியிருந்தது. ஒரே ஒரு நடை. மத்தியானம் அடுத்த மாவட்டத்தில் பீச் பழத் திருவிழாவுக்கு அந்த ஹெலிகாப்டர் போயாக வேண்டும்.

"எட்டுப் பேர்" என்றார் ஜெனரல். "முறைப்படி நடக்கணும். அஞ்சு பகுதித் திட்டம். ஒத்திகை. எல்லாம்."

"விருந்துக்கா சார்?"

"தாக்குதலுக்கு, ப்ரூயிட். விருந்து அதுக்கப்புறம்."

லைலின் மனசுக்குள் ஒரு பழைய ஆசை அன்றைக்கே எழுந்து உட்கார்ந்துகொண்டது. பட்டாலியனின் அத்தனை ஹெலிகாப்டர் தாக்குதல்களுக்கும் திட்டம் போட்டவர் அவர். ஆனால் ஒன்றில்கூட அவர் பறந்ததில்லை. காரணம், இறங்கு வரிசை.

ஒவ்வொரு ஹெலிகாப்டருக்கும் அப்படி ஒரு வரிசை உண்டு. வெயில் ஏறிக் காற்று லேசாகிப்போனால் யந்திரம் முழுப் பாரத்தைத் தூக்காது. அப்போது யார் முதலில் இறங்குவது, யார் இரண்டாவது என்று முன்கூட்டியே தீர்மானித்து வைப்பார்கள். பதவி பார்த்து அல்ல; போய் இறங்குகிற இடத்தில் யார் இல்லாமல் காரியம் கெடாதோ, அவருக்கே முதல் நம்பர். நம்பர் கூப்பிட்டால் வாய் திறக்காமல் குதித்துவிட வேண்டும். களத்தில் நின்றுகொண்டு வரிசையை மாற்றுவதைப் போல ஒரு பாவம் கிடையாது. லைல் நேர்மையான மனிதர். திட்டம் போட்டு முடித்த பிறகு திட்டக்காரனுக்கு என்ன வேலை என்று தனக்கே ஒன்றாம் நம்பரைக் கொடுத்துக்கொள்வார். டென்னசி வெயிலும் ஒரு தடவைகூட அவரை ஏமாற்றியதில்லை. ஒன்றாம் நம்பர் இறங்குவார். கூடாரத்துக்குத் திரும்பி நடப்பார். ரேடியோ முன்னால் உட்காருவார்.

கூடாரத்தில் ஒரு வரைபடம் இருக்கும், மேலே கண்ணாடித்தாள் போர்த்தி. மெழுகுப் பென்சிலைக் காதில் சொருகிக்கொண்டு காத்திருப்பார். மண்ணெண்ணெய் வாசனையும் ஈரக் கான்வாஸ் வாசனையும் கலந்து அடிக்கும். கடைசியில் ரேடியோ கரகரக்கும். முன்னணி ஹெலிகாப்டரில் போன ரேடியோக்காரன் வெர்னல் ஹேட்லியின் குரல் வரும். எப்போதும் அதே வார்த்தைகள்தான்: "இறங்கியாச்சு. எல்லாரும் இருக்கோம்." லைல் குன்றின் மேல் ஒரு டிக் போடுவார். அவருடைய ராணுவ வாழ்க்கை என்பது மொத்தத்தில் அந்தக் குரலும் அந்த டிக்கும்தான்.

இந்தத் தடவை, ஒரே ஒரு தடவை, அவருக்குப் பறக்க வேண்டும். தன்னுடைய திட்டம் தரையில் இறங்கும்போது தானும் அதற்குள் இருக்க வேண்டும்.

சாப்பாட்டு மேஜையில் வரிசை தயாரானது. முதல் நாள் அவர் பெயர் வழக்கம்போல ஒன்றில் இருந்தது. மறுநாள் மூன்றுக்குப் போனது. அதற்கு மறுநாள் ஆறு. கொரீன் காபியை வைத்துவிட்டு எட்டிப் பார்த்தாள்.

"என்ன கண்ணு, நாளுக்கு நாள் ரொம்ப முக்கியமான ஆளாயிட்டே வர்றே?"

"அவசரநிலைன்னு ஒண்ணு இருக்கு, கொரீன். அங்கே போய் ஏதாவது தப்பாப் போச்சுன்னா, திட்டம் தெரிஞ்சவன் ஒருத்தன் வேணும்."

"விருந்துல என்ன தப்பாப் போகும்? உருளைக்கிழங்கு சாலட் எதிர்த்தாக்குதல் நடத்துமா?"

லைல் காபியைக் குடித்து முடித்தார். அவள் போன பிறகு ஆறை அழித்து எட்டு என்று எழுதினார். எட்டாவது ஆள் இறங்க வேண்டுமென்றால் ஹெலிகாப்டரே காலியாக வேண்டும்.

கல் திறப்புக்கு முந்தின நாள் எல்லாரும் ஊரின் ஒரே மோட்டலில் வந்து சேர்ந்தார்கள். கார் நிறுத்துமிடத்தில் பிளாஸ்டிக் நாற்காலிகளை ஹெலிகாப்டர் இருக்கைகளாகப் போட்டு லைல் ஒத்திகை நடத்தினார். எட்டு முதியவர்கள் தலையைக் குனிந்துகொண்டு, இல்லாத விசிறிக்குக் கீழே ஓடிவந்து, நாற்காலிகளில் உட்கார்ந்து, இல்லாத பெல்ட்டைப் போட்டுக்கொண்டார்கள். நீச்சல் குளத்திலிருந்த ஒரு குடும்பம் தண்ணீரைவிட்டு மேலேறி வந்து வேடிக்கை பார்த்தது. ஜெனரல் வெக்ஸ்லர் பழைய சீருடைச் சட்டையையே போட்டு வந்திருந்தார். பொத்தான்கள் அவருக்கு விசுவாசமாகத்தான் இருந்தன, ஆனால் எவ்வளவு நேரத்துக்கு என்று சொல்ல முடியாது.

எடை விஷயத்தில் லைல் யாரையும் கேட்டுச் சங்கடப்படுத்தவில்லை. துப்பாக்கி, மூட்டை, தலைக்கவசம், மூன்று நாள் சாப்பாடு எல்லாம் சேர்த்து ஒரு சிப்பாய்க்கு இவ்வளவு என்று பழைய கையேட்டில் ஒரு கணக்கு உண்டு. அதையே போட்டுக்கொண்டார். கணக்கு சரியாகவே இருந்தது. துப்பாக்கி, மூட்டை, தலைக்கவசம், சாப்பாடு எதுவும் இல்லாமலேயே ஒவ்வொருவரும் இப்போது அந்த எடைக்கு வந்திருந்தார்கள்.

பிறகு வரிசையை வாசித்தார்.

"ஒண்ணு, ஜெனரல் வெக்ஸ்லர்."

 பட்டாலியனின் சமையல் சார்ஜன்டாக இருந்த ஓடெல் ஃபோன்டெய்ன் வாயில் போட்ட வேர்க்கடலையை மெல்லாமல் நிறுத்தினார்.

"காரணம்?" என்றார் ஜெனரல்.

"போய் இறங்கற இடத்துல உங்களுக்கு உடனடி வேலை இல்ல சார்."

"என் பேச்சு?"

"அது சாப்பாட்டுக்கு அப்புறம் சார். கொரீன் வேன்ல வந்தாலும் நேரத்துக்கு வந்துடலாம்."

ஜெனரல் தாடையை இறுக்கிக்கொண்டார். "தொடரலாம்."

"ரெண்டு, வெர்னல் ஹேட்லி."

வெர்னல் ஓரகனிலிருந்து நாடு முழுக்கக் குறுக்கே பஸ்ஸில் வந்திருந்தார். அத்தனை வருஷம் காதில் ரேடியோவை வைத்துக்கொண்டதற்குக் கூலியாக இரண்டு காதும் போய்விட்டன. பக்கத்திலிருந்த ஓடெல் இரண்டு விரலைக் காட்டினார். வெர்னல் சிரித்துத் தலையாட்டினார். தூக்கிக்கொண்டு போக இப்போது ரேடியோ இல்லை, காரணம் சரிதான். லைல் அவர் பக்கம் பார்க்காமல் அடுத்த பெயருக்குத் தாவினார். தான் ஒன்றிலேயே இருந்திருந்தால் வெர்னல் மூன்றாகியிருப்பார் என்ற கணக்கு அவருக்கு ஏற்கெனவே தெரியும்.

"ஏழு, ஓடெல். பார்பெக்யூ சாஸ் அவர்கிட்டதான் இருக்கு. எட்டு, நான்."

"நீங்க எட்டா சார்?" என்றார் ஓடெல். "உங்களைவிட என் சாஸ் ஒரு படி கீழேயா?"

"அவசரநிலை, ஓடெல்."

"ஓ." ஓடெல் மறுபடி மெல்ல ஆரம்பித்தார். "அவசரநிலைன்னா சரிதான்."

ஹெலிகாப்டரில் ஏற வேண்டிய களத்தை மட்டும் லைல் போய்ப் பார்க்கவில்லை. எதற்குப் பார்க்க வேண்டும்? அந்த வயல்வெளி அவருக்கு உள்ளங்கை மாதிரி. பழைய வரைபடத்தை அதே கண்ணாடித்தாளோடு வீட்டிலேயே வைத்திருந்தார். சுற்றிலும் தட்டையான நிலம், வடக்கே ஒரு வரிசை பைன் நாற்று. நாற்றை நட்டதே அவர்களுடைய சிப்பாய்கள்தான்; சுற்றுச்சூழல் வாரம் என்று ஒரு அபத்தம் வந்தபோது.

மறுநாள் காலை மோட்டல்காரரின் பெரிய வேனிலிருந்து இறங்கியபோது, அந்த நாற்றுகள் அவருக்காகக் காத்திருந்தன. வடக்கே மட்டுமல்ல, வித்து விழுந்து பரவி நாலு பக்கமும் வானத்தைத் தொட்டுக்கொண்டு நின்றன. வயல்வெளி ஒரு கிணற்றின் அடி மாதிரி ஆகியிருந்தது. அதன் நடுவில் ஹூயி நின்றது.

அதைப் பார்த்ததும் எட்டுப் பேருமே நடையை நிறுத்தினார்கள். அதே மங்கிய பச்சை. அதே திறந்த கதவு. எரிபொருள் வாசனை காற்றில் வந்ததும் வெர்னல் கண்ணை மூடிக்கொண்டு மூச்சை இழுத்தார், ரொட்டிக் கடை வாசலில் நிற்கிறவரைப் போல. விசிறி சுழலத் தொடங்கி, அந்தத் தப்-தப் சத்தம் நெஞ்சுக்கூட்டில் இறங்கியபோது, ஜெனரலின் சட்டைப் பொத்தான் ஒன்று கடைசியாக விசுவாசத்தைக் கைவிட்டது. யாரும் சிரிக்கவில்லை. தலையைக் குனிந்து ஓடினார்கள். முட்டிவலி எல்லாம் எங்கே போயிற்றோ தெரியவில்லை.

பைலட் ட்ரிஷா என்ற பெண். யந்திரத்தை ஒரு முழம் தூக்கினாள், அப்படியே நடுங்கவிட்டாள், மறுபடி புல்லில் வைத்தாள். திரும்பிப் பார்த்துக் கத்தினாள்.

"மன்னிக்கணும்! காலையில காலியா வந்தேன், பிரச்சினை இல்ல. இப்போ இந்த மரத்துக்கெல்லாம் மேல நேரா ஏறணும். காத்தும் இல்ல. ரெண்டு பேர் இறங்கணும்!"

எல்லாரும் லைலைப் பார்த்தார்கள். லைல் வாயைத் திறக்கவே நேரமில்லை. ஜெனரல் வெக்ஸ்லர் பெல்ட்டைக் கழற்றிவிட்டு ஏற்கெனவே புல்லில் நின்றுகொண்டிருந்தார். யாரும் நம்பரைக் கூப்பிடக்கூட இல்லை. நேற்று முழுக்கத் தாடையை இறுக்கிக்கொண்டிருந்த மனிதரின் கால்கள் அவரைக் கேட்காமலேயே வேலையைச் செய்துவிட்டன.

அடுத்து வெர்னல். யாரும் அவருக்குச் சொல்ல வேண்டியிருக்கவில்லை; ஜெனரல் இறங்கியதைப் பார்த்ததும் அவரே பெல்ட்டில் கை வைத்தார். ஓரகனிலிருந்து பஸ்ஸில் வந்தவர் முகத்தில் ஒரு சுளிப்புகூட இல்லை.

லைலுக்குத் தாங்கவில்லை. எழுந்து தன் பெல்ட்டை இழுத்தார். வெர்னல் ஒரு கையால் அவர் நெஞ்சில் அழுத்தி உட்கார வைத்தார். காது கேட்காதவர்களின் உரத்த குரலில், "நம்பர் எட்டு, உட்காருங்க சார்! களத்துல வரிசையை மாத்தக்கூடாது!" என்றார்.

அது லைலே நாலாயிரம் தடவை கத்திய வாக்கியம்.  உட்கார்ந்தார்.

ஹூயி ஏறியது. பைன் மரங்கள் கிளை கிளையாகக் கீழே போயின. திறந்த கதவு வழியாகப் பார்த்தபோது, இறக்கப்பட்டவர்கள் கூடி நிற்க வேண்டிய இடத்தில், திட்டத்தில் குறித்திருந்த அதே வேலி மூலையில், இரண்டு பேர் நின்றார்கள். இறக்கப்பட்டவர்களில் மூத்தவர் பொறுப்பேற்க வேண்டும் என்பது விதி. ஜெனரல் பொறுப்பேற்றுக்கொண்டு ஆட்களை எண்ணிக்கொண்டிருந்தார். எண்ணிக்கை வெர்னலோடு முடிந்துவிட்டது.

ஆசைப்பட்டது கிடைத்துவிட்டது. காற்று முகத்தில் அடித்தது. ஓடெல் சாஸ் பாட்டிலைக் குழந்தையைப் போல அணைத்துக்கொண்டு சிரித்தார். லைலின் கை மட்டும் தன்பாட்டுக்குக் காதில் மெழுகுப் பென்சிலைத் தேடியது. அவர் கண்ணை மூடிப் பார்த்தார். மூடினால் கூடாரம் தெரிந்தது. வரைபடம், கண்ணாடித்தாள், கரகரப்பு. இத்தனை வருஷம் கூடாரத்தில் உட்கார்ந்து ஹெலிகாப்டருக்கு ஏங்கியவர், ஹெலிகாப்டரில் உட்கார்ந்து கூடாரத்துக்கு ஏங்கினார். அங்கே ஒரு குரல் வந்துகொண்டிருந்தது. இங்கே யாரும் அவரிடம் எதுவும் சொல்லவில்லை.

அவர் ட்ரிஷாவின் தோளைத் தட்டி, தலைக்கு மேல் தொங்கிய ஹெட்செட்டைக் காட்டினார். களத்தில் எரிபொருள் வண்டிக்காரனிடம் கையடக்க ரேடியோ ஒன்று இருந்தது. ட்ரிஷா அவனைக் கூப்பிட்டு அதை ஜெனரலிடம் கொடுக்கச் சொன்னாள்.

"சார், லைல் பேசறேன். வெர்னலுக்குச் சொல்லணும். ஆத்தைத் தாண்டறோம்."

ஜெனரல்கள் ரேடியோவைத் தாங்களே பிடித்துப் பழகியவர்கள் அல்ல. அதற்கென்று ஒரு ஆள் கூடவே வருவான். வெக்ஸ்லர் பதில் சொல்லப் பொத்தானை அழுத்தினால், பக்கத்தில் திரும்பிக் கத்தி முடிக்கும்வரை அதை விட மறந்துவிடுவார். ஆகவே வெர்னலின் காதில் அவர் கத்தியது அத்தனையும் லைலுக்குக் கேட்டது.

"ஆத்தைத் தாண்டறாங்களாம்! ஆறு!"

"தண்ணித் தொட்டி தெரியுது சார். பழைய துப்பாக்கிப் பயிற்சி மைதானத்துல இப்போ மாடு மேயுது."

"மாடு! துப்பாக்கி மைதானத்துல மாடு!" அணிவகுப்பு மைதானத்தில் ஆயிரம் பேரை நிறுத்திவைத்த குரல் அது. "எத்தனை மாடுன்னு கேக்கறான், ப்ரூயிட்!"

"மூணு சார்."

"மூணு மாடு!"

லைல் விடாமல் சொன்னார். பாலம், செங்கல் சூளை, இரவு ஒத்திகையில் தவறுதலாகத் தாக்கப்பட்ட கோழிப்பண்ணை, அதன் தகரக் கூரை. ஒவ்வொன்றையும் ஒரு ஜெனரல் வாங்கி, ஒரு ரேடியோக்காரனின் செவிட்டுக் காதில் வார்த்தை பிசகாமல் ஊற்றினார். குன்று வந்தது. தேவாலயத்தின் வெள்ளைக் கோபுரம் வந்தது. புல் படுத்து வழிவிட்டது. ஹூயியின் அடியிலிருந்த சறுக்குக் கட்டை தரையைத் தொட்டது.

"இறங்கியாச்சு" என்றார் லைல். அடுத்த வாக்கியம் நாக்கு நுனிவரை வந்து நின்றுவிட்டது. எல்லாரும் எங்கே இருந்தார்கள்? "ஆறு பேர் இருக்கோம்" என்று முடித்தார்.

கல்லுக்கு மூடியிருந்த துணியை இழுத்துத் திறந்தார்கள். எதிர்த்தாக்குதல் எதுவும் நடக்கவில்லை; அவசரநிலை ஆளுக்கு வேலை வரவில்லை. கொரீனின் வேன் கொஞ்ச நேரத்தில் வந்து சேர்ந்தது. ஜெனரல் பத்து வயது குறைந்தவராக இறங்கினார். இருபது வருஷத்துக்குப் பிறகு ஒரு படை கிடைத்திருந்தது, ஒரே ஆள் என்றாலும். விலா எலும்புக் கறியோடு லைலுக்கு எதிரே வந்து உட்கார்ந்தார்.

"ப்ரூயிட். நான் பட்டாலியனோட ரெண்டாவது கமாண்டரா இருந்தப்போ ஒவ்வொரு வரிசையிலயும் என் பேரைத் தேடிப் பார்ப்பேன். தெரியுமா?"

"தெரியாது சார்."

"எப்பவும் ரெண்டுதான். எனக்கு முன்னால எப்பவும் நீ." எலும்பை மெதுவாகக் கடித்தார். "இந்தத் தடவைதான் ஒண்ணாம் இடம் குடுத்திருக்கே. பதவி உயர்வு."

லைலுக்குக் காது சிவந்தது. பக்கத்தில் வெர்னல் சாஸைத் துடைத்துக்கொண்டார்.

"உங்க ரிப்போர்ட் ரொம்ப நீளம் சார்!" என்று மேஜைக்கே கேட்கும்படி சொன்னார். "மாட்டையெல்லாம் யார் கேட்டா?"

"நீதான்டா கேட்டே, எத்தனைன்னு!" என்று ஜெனரல் அவர் காதில் கத்தினார்.

ஹூயி பீச் பழத் திருவிழாவுக்குப் போய்விட்டிருந்தது. ஜெனரலின் பேச்சும் ஒருவழியாக முடிந்தது. மோட்டலுக்குக் கிளம்பும் நேரத்தில்தான் கொரீன் வேனின் கதவைத் திறந்துவைத்துக்கொண்டு எண்ணினாள்.

"என்னைச் சேர்த்து எட்டுப் பேருக்குத்தான் இடம். நாம ஒம்பது பேர். ஏன் கண்ணு, உன் அஞ்சு பகுதித் திட்டத்துல வீட்டுக்குத் திரும்பற பகுதி எது?"

எந்தப் பகுதியும் இல்லை. திட்டம் விருந்திலிருந்து பின்னோக்கித்தான் நடந்திருந்தது. விருந்துக்குப் பிறகு உலகம் இருப்பதை அது ஒப்புக்கொள்ளவே இல்லை. எல்லாரும் வேனில் ஏறி உட்கார்ந்திருந்தார்கள். லைல் கதவோரமாக இடுக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். ஓடெல் தொண்டையைச் செருமினார்.

யாரும் நம்பரைக் கூப்பிடுவதற்கு முன்னால் லைல் புல்லில் நின்றுகொண்டிருந்தார்.

"இவங்களை விட்டுட்டு வந்து கூட்டிட்டுப் போறேன்" என்றாள் கொரீன்.

"அவசரமில்ல" என்றார் லைல்.

வேன் குன்றிலிருந்து இறங்கிப் போனது. முன் இருக்கையில் வெர்னலின் வெள்ளைத் தலை கொஞ்ச தூரம் வரைக்கும் தெரிந்தது. லைல் மேஜைக்குத் திரும்பி வந்து, காகிதத் தட்டைத் தன் பக்கம் இழுத்துவைத்துக்கொண்டு உட்கார்ந்தார். தேவாலயத்துப் பெண்கள் நாற்காலிகளை மடக்கிக்கொண்டிருந்தார்கள். வெயில் சாய்ந்து, புதுக் கல்லின் நிழல் நீண்டது. காத்திருப்பது அவருக்குக் கைவந்த வேலை. இடமும் பழக்கமான இடமாகத்தான் இருந்தது; ஒரு கூடாரம் மட்டும்தான் குறை.

சட்டைப்பையில் கைபேசி அடித்தது. கொரீனின் நம்பர். எடுத்தால் அவள் குரல் இல்லை. கொஞ்சம் கரகரப்பு, பிறகு தேவைக்கு மேல் உரத்த ஒரு குரல்.

"இறங்கியாச்சு. எல்லாரும் இருக்கோம்."

வெர்னல் பதிலுக்குக் காத்திருக்கவில்லை. வந்தாலும் அவருக்குக் கேட்கப்போவதில்லை. லைலின் கை காதுப் பக்கம் போனது, பென்சில் இல்லாமல் திரும்பியது. தட்டில் மிச்சமிருந்த ஓடெலின் சாஸில் ஒரு விரலைத் தோய்த்து, தட்டின் ஓரத்தில், மோட்டல் எந்தத் திசையில் இருக்கிறது என்று ஒரு கணம் பார்த்துக்கொண்டு, அந்தப் பக்கமாக ஒரு டிக் போட்டார்.